உணவு வேளைகளின் எண்ணிக்கையும் உடல் எடைக் குறைப்பும்

உணவு வேளைகளின் எண்ணிக்கை என்பது ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை ஆற்றல் தரும் உணவையோ பானத்தையோ உட்கொள்கிறார் என்பதைக் குறிக்கும். உடல் எடையைக் குறைக்க முயல்வோருக்கு இது குறித்து ஒன்றுக்கொன்று முரணான இரு அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. சிறுசிறு அளவாக ஐந்து அல்லது ஆறு முறை உண்ண வேண்டும் என்பது ஒன்று. ஒரு வேளை அல்லது இரு வேளை மட்டுமே உண்ண வேண்டும் என்பது மற்றொன்று. இதுவரை நடந்த ஆய்வுகளின்படி, ஒரு நாளில் உட்கொள்ளும் மொத்த ஆற்றல் ஒரே அளவாக இருக்கும்போது, அதனை எத்தனை வேளைகளாகப் பிரித்து உண்டாலும் எடை குறைவதில் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை. எனவே வேளைகளின் எண்ணிக்கை என்பது மொத்த உணவைக் கட்டுப்படுத்த உதவும் ஒரு வழியாகவே கருதப்படுகிறது. நீரிழிவு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்வோருக்கு மட்டும் இவ்வெண்ணிக்கை தனி முக்கியத்துவம் உடையது.

வரைவிலக்கணம்

எதனை ஒரு வேளை எனக் கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சில ஆய்வுகள் குறிப்பிட்ட கலோரி அளவுக்கு மேற்பட்டதை மட்டுமே ஒரு வேளையாகக் கணக்கிடுகின்றன. வேறு சில ஆய்வுகள், முந்தைய உணவிலிருந்து குறிப்பிட்ட இடைவெளி விட்டு உண்ணும் எதனையும் ஒரு வேளையாகக் கொள்கின்றன. தமிழ்நாட்டு வழக்கில் சாப்பாடு, சிற்றுண்டி, தேநீர் என்பன வெவ்வேறாகக் கருதப்படுகின்றன. "மூன்று வேளைதான் சாப்பிடுகிறேன்" என்று கூறும் ஒருவர், பால், சர்க்கரை சேர்த்த தேநீரையும் மாலையில் உண்ணும் வடையையும் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆற்றல் கணக்கின்படி இவையும் உணவே. அவ்வாறு கணக்கிட்டால் மூன்று வேளை என்பது ஆறு அல்லது ஏழு ஆகிவிடும்.

வரலாறும் மரபும்

தமிழ் மரபில் உணவின் அளவு, காலம் ஆகியவை பற்றிய சிந்தனை மிகப் பழமையானது. திருக்குறளின் 95ஆவது அதிகாரமான "மருந்து", முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின் அளவோடு உண்ணுதல் உடலுக்கு நன்மை தரும் என்னும் கருத்தை வலியுறுத்துகிறது. அவ்வதிகாரத்தில் வேளைகளின் எண்ணிக்கை கூறப்படவில்லை. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் நோய் அணுகா விதி, நாளொன்றுக்கு இருவேளை உண்பதைப் பரிந்துரைக்கிறது. ஒரு வேளை உண்பவன் யோகி என்று தொடங்கும் பழமொழி இன்றும் மக்களிடையே வழக்கில் உள்ளது.

இக்கருத்துகள் தோன்றிய காலத்தில் பெரும்பாலான மக்களின் சிக்கல் மிகுதியாக உண்பது அன்று, போதிய உணவு கிடைக்காமையே ஆகும். உழவர், கூலித் தொழிலாளர் குடும்பங்களில் காலையில் பழையது அல்லது கூழ், இரவில் சமைத்த உணவு என்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பள்ளிச் சிறுவர்களுக்கு ஒரு வேளை உணவை உறுதி செய்யும் பொருட்டு 1956ஆம் ஆண்டு முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982ஆம் ஆண்டு எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. அரசு தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. ஆகவே தமிழ்நாட்டில் வேளைகளைக் குறைப்பது பற்றிய பேச்சும், விடுபட்ட வேளையைக் கொடுப்பதற்கான முயற்சியும் ஒரே காலத்தில் நிலவுகின்றன.

உடலியல் அடிப்படை

ஆற்றல் சமநிலை

உட்கொள்ளும் ஆற்றல் செலவிடும் ஆற்றலைவிடக் குறைவாக இருக்கும்போது, உடல் தன் சேமிப்பிலுள்ள கொழுப்பைப் பயன்படுத்துகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரியும், கொழுப்பு 9 கிலோகலோரியும் தருகின்றன. ஒரு கிலோ உடல் கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி சேமிக்கப்பட்டிருக்கும் எனக் கணக்கிடப்படுகிறது. நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரத்திற்கு ஏறத்தாழ அரைக் கிலோ எடை குறையலாம். எடை குறையக் குறைய உடலின் ஆற்றல் தேவையும் குறைவதால், பின்னர் இவ்வேகம் தணியும்.

உணவு செரிக்கச் செலவாகும் ஆற்றல்

உண்ட உணவைச் செரிக்கவும் உட்கிரகிக்கவும் உடல் ஓரளவு ஆற்றலைச் செலவிடுகிறது. கலப்பு உணவில் இது உட்கொண்ட ஆற்றலில் ஏறத்தாழ 10 விழுக்காடு ஆகும். அடிக்கடி உண்டால் வளர்சிதைமாற்றம் விரைவடையும் என்னும் கருத்து இதிலிருந்தே பிறந்தது. ஆனால் இச்செலவு உணவின் அளவைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 1,800 கிலோகலோரியை மூன்று வேளையாக உண்டால் வேளைக்கு 60 வீதம் 180 கிலோகலோரி செலவாகும். அதனையே ஆறு வேளையாக உண்டால் வேளைக்கு 30 வீதம் அதே 180 கிலோகலோரிதான் செலவாகும். வேளைகள் கூடுவதால் மொத்தச் செலவு கூடுவதில்லை.

இதே போல, ஒரு வேளை உண்ணாவிட்டால் வளர்சிதைமாற்றம் உடனே குன்றிவிடும் என்பதும் சரியன்று. ஓரிரு நாள் உண்ணாதிருக்கும்போது ஓய்வுநிலை ஆற்றல் செலவு குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை எனச் சோதனைகள் காட்டியுள்ளன. நீண்ட காலம் குறைவாக உண்டு எடை குறையும்போதே அது குறைகிறது.

பசி

இரைப்பையில் பெருமளவில் சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீர் பசியைத் தூண்டுகிறது. இது 1999ஆம் ஆண்டு சப்பானிய அறிவியலாளர்களால் கண்டறியப்பட்டது. ஒருவர் வழக்கமாக உண்ணும் நேரத்திற்குச் சற்று முன்னர் இரத்தத்தில் இதன் அளவு உயர்ந்து, உண்ட பின் தாழ்கிறது. ஆகவே பசி என்பது ஓரளவு பழக்கத்தைச் சார்ந்தது. பல ஆண்டுகளாக மூன்று வேளை உண்டவர் திடீரென்று இரு வேளைக்கு மாறும்போது முதல் சில நாட்கள் மிகுந்த பசியை உணர்வது இயல்பு.

ஆய்வுகள்

அடிக்கடி உண்ணுதல்

1964ஆம் ஆண்டு செக்கோசுலோவாக்கியாவின் பிராகா நகரைச் சேர்ந்த பாவெல் ஃபாப்ரி குழுவினர் 60 முதல் 64 வயது வரையிலான 379 ஆண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். அடிக்கடி உண்டவர்களிடம் மிகை எடை குறைவாகக் காணப்பட்டது. "சிறிது சிறிதாக அடிக்கடி" என்னும் அறிவுரை பரவ இவ்வாய்வு ஒரு காரணமாக அமைந்தது. ஆனால் இது உற்றுநோக்கல் ஆய்வு மட்டுமே. எடை கூடிய பின் அதனைக் குறைக்கும் நோக்கில் ஒருவர் வேளைகளைக் குறைத்திருக்கலாம். மிகை எடை உடையோர் தாம் உண்டதைக் குறைத்துக் கூறுவதும் உண்டு. இக்காரணங்களால், வேளைகள் குறைந்ததால் எடை கூடியதா, எடை கூடியதால் வேளைகள் குறைந்தனவா என்பதை இவ்வகை ஆய்விலிருந்து அறிய இயலாது. 1997ஆம் ஆண்டு பெலிசில் முதலியோர் எழுதிய மீளாய்வு இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டியது.

2010ஆம் ஆண்டு கனடாவில் உடற்பருமன் உடைய 16 பேரிடம் எட்டு வாரச் சோதனை நடத்தப்பட்டது. ஒரு பிரிவினர் மூன்று வேளையும், மறு பிரிவினர் மூன்று வேளையோடு மூன்று சிற்றுண்டிகளும் உண்டனர். இரு பிரிவினருக்கும் ஆற்றல் குறைப்பு ஒரே அளவில் இருந்தது. எடை குறைவிலும் வேறுபாடு காணப்படவில்லை. 2013ஆம் ஆண்டு வெளியான மற்றொரு சிறிய ஆய்வில், ஆறு வேளை உண்டபோது கொழுப்பு எரிதல் கூடவில்லை. பசியுணர்வு சற்றுக் கூடவே செய்தது.

குறைந்த வேளைகள்

2014ஆம் ஆண்டு பிராகாவில் இரண்டாம் வகை நீரிழிவு உடைய 54 பேரிடம் கலேயோவா குழுவினர் நடத்திய சோதனை இத்துறையில் பெரிதும் பேசப்படுகிறது. ஒவ்வொருவரும் 12 வாரம் ஆறு சிறு வேளைகளாகவும், 12 வாரம் காலை, மதியம் ஆகிய இரு பெரிய வேளைகளாகவும் உண்டனர். இரு முறைகளிலும் நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைக்கப்பட்டது. ஆறு வேளை முறையில் சராசரியாக 2.3 கிலோவும், இரு வேளை முறையில் 3.7 கிலோவும் எடை குறைந்தன. இரு வேளை முறையில் இரவு உணவு இல்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். எனவே கிடைத்த பயன் எண்ணிக்கையால் வந்ததா, உண்ட நேரத்தால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம்.

காலை உணவைத் தவிர்த்தல்

காலை உணவைத் தவிர்த்தால் எடை கூடும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. 2019ஆம் ஆண்டு வெளியான, 13 சோதனைகளைத் தொகுத்த மீளாய்வில், காலை உணவு உண்டவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 260 கிலோகலோரி கூடுதலாக உட்கொண்டனர். தவிர்த்தவர்களின் எடை சராசரியாக 0.44 கிலோ குறைவாக இருந்தது. இது மிகச் சிறிய வேறுபாடு. தொகுக்கப்பட்ட சோதனைகளின் தரமும் குறைவாக இருந்தது. எடைக் குறைப்பிற்குக் காலை உணவு கட்டாயம் என்பதற்குச் சான்று இல்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. வளரும் சிறுவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது.

நேர வரம்புக்குட்பட்டு உண்ணுதல்

நாளின் எட்டு மணி நேரத்திற்குள் உணவை முடித்துக்கொண்டு எஞ்சிய 16 மணி நேரம் உண்ணாதிருப்பது இம்முறையின் பரவலான வடிவமாகும். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில், இம்முறையினருக்கும் மூன்று வேளை உண்டவர்களுக்கும் எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2022ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில் இரு பிரிவினரும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாட்டில் இருந்தனர். காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் உண்டவர்களுக்கு 8.0 கிலோவும், நேர வரம்பு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. இவ்வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதியானதன்று.

தமிழ்நாட்டுச் சூழல்

2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37.0 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையோர். முந்தைய கணக்கெடுப்பில் இவை முறையே 30.9, 28.2 விழுக்காடுகளாக இருந்தன. இக்கணக்கெடுப்பு உடல் நிறைச் சுட்டெண் 25ஐ எல்லையாகக் கொள்கிறது. இந்தியர்களுக்குக் குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவு தோன்றுவதால், 23ஐயே மிகை எடையின் தொடக்கமாகக் கொள்ளவேண்டும் என இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009ஆம் ஆண்டு பரிந்துரைத்தனர். இடுப்புச் சுற்றளவிற்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பன எல்லைகளாகும்.

சென்னை நகர ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2009ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, சென்னைவாசிகளின் மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 47 விழுக்காடு தீட்டிய அரிசி முதலிய சுத்திகரிக்கப்பட்ட தானியங்களிலிருந்தே கிடைப்பதாகக் காட்டியது. காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சோறு, இரவில் மீண்டும் தோசை அல்லது சோறு என மூன்று வேளையும் பெரும்பாலும் அரிசியாகவே அமைவது இதற்குக் காரணம்.

எடுத்துக்காட்டு: போடிநாயக்கனூர் வட்டாரம்

ஒரே எண்ணிக்கையிலான வேளைகள் இருவருக்கு வெவ்வேறு விளைவைத் தருவதைத் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் வட்டாரத்தைக் கொண்டு விளக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இந்நகரம் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்றது. போடியிலிருந்தும், பொட்டிபுரம், தேவாரம் போன்ற அடிவாரப் பகுதிகள் உள்ளிட்ட சுற்றுவட்டாரத்திலிருந்தும் தொழிலாளர்கள் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு அதிகாலையில் ஜீப்புகளில் ஏறிச் சென்று மாலையில் திரும்புகின்றனர். இவர்களுள் பெண்களே மிகுதி. மலைச்சரிவில் ஏறி இறங்கிக் களையெடுப்பதும், குனிந்து செடியின் அடியிலுள்ள சரங்களிலிருந்து காய் பறிப்பதும் இவர்களின் வேலை. நகரில் உள்ள கிடங்குகளில் வேறு பல பெண்கள் தரையில் அமர்ந்து ஏலக்காயைத் தரம் பிரிக்கின்றனர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணின் அன்றாட ஆற்றல் தேவை வருமாறு:

* உட்கார்ந்து செய்யும் வேலை: 1,660 கிலோகலோரி
* மிதமான உடலுழைப்பு: 2,130 கிலோகலோரி
* கடின உடலுழைப்பு: 2,720 கிலோகலோரி

உட்கார்ந்த வேலைக்கும் மிதமான உழைப்பிற்கும் இடையே மட்டும் 470 கிலோகலோரி வேறுபாடு உள்ளது. தோட்டத்தில் காய் பறிக்கும் பெண்ணும் கிடங்கில் காய் பிரிக்கும் பெண்ணும் ஒரே வீட்டில் சமைத்த உணவை ஒரே மூன்று வேளை, ஒரே அளவில் உண்பதாகக் கொள்வோம். முதலாமவரின் எடை மாறாதிருக்கும்போது இரண்டாமவரின் எடை கூடும். வயது காரணமாகவோ மூட்டுவலி காரணமாகவோ மலைவேலையை விட்டுவிட்டுக் கிடங்கு வேலைக்கு மாறும் ஒருவருக்கும் இதுவே நேரும். அவருடைய வேளைகளின் எண்ணிக்கை மாறவில்லை; தேவை மாறிவிட்டது.

இந்த 470 கிலோகலோரி எங்கிருந்து குறைக்கப்படலாம் என்பதும் எளிதில் விளங்கும். பால், இரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்த ஒரு குவளை தேநீரில் ஏறத்தாழ 75 கிலோகலோரியும், நடுத்தர அளவிலான ஓர் உளுந்து வடையில் ஏறத்தாழ 140 கிலோகலோரியும் உள்ளன. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு தேநீரும் ஒரு வடையும் உண்பவர், தாம் ஒரு வேளை எனக் கணக்கிடாத உணவிலிருந்து மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 430 கிலோகலோரி பெறுகிறார். இவரைப் பொறுத்தவரை மதிய உணவைத் துறப்பதைவிட இவ்விரு இடைவேளைகளில் சர்க்கரையில்லாத் தேநீர் மட்டும் அருந்துவதே எளிய வழியாகும். மலைச்சரிவில் உழைப்பவருக்கோ அதே சிற்றுண்டி தேவையான ஆற்றலாக அமையக்கூடும்.

வேளைகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒருவருக்கு ஏற்ற வேளைகளின் எண்ணிக்கை அவருடைய வேலை, குடும்பச் சூழல், பசி, நோய்நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. பொதுவாகப் பின்வருவன கருத்தில் கொள்ளப்படுகின்றன:

* இடைத்தீனியைக் கட்டுப்படுத்த இயலாதவர்களுக்கு இரு வேளை அல்லது மூன்று வேளை மட்டும் என்னும் தெளிவான எல்லை உதவக்கூடும்.
* நீண்ட நேரம் பசித்திருந்தால் அடுத்த வேளையில் அளவு மீறி உண்பவர்களுக்குச் சிறிய இடைவேளை உணவு உதவக்கூடும். அது வேர்க்கடலை, சுண்டல், மோர், பழம் போன்றதாக இருத்தல் நன்று. வேர்க்கடலையும் 30 கிராமுக்கு ஏறத்தாழ 170 கிலோகலோரி தருவதால் அளவு இன்றியமையாதது.
* ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவும் காய்கறியும் இருப்பின் பசி தாமதமாகத் தோன்றும். சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியின் அளவைக் கூட்டுதல், வேளையைக் குறைக்காமலே ஆற்றலைக் குறைக்கும் வழியாகும்.
* இரவு உணவை உறங்கப் போகும் நேரத்திற்கு மிக அருகில் உண்ணாமை நன்று. 2013ஆம் ஆண்டு சுபெயின் நாட்டில் எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்த 420 பேரிடம் நடந்த ஆய்வில், முதன்மை உணவான மதிய உணவைப் பிற்பகல் 3 மணிக்குப் பின் உண்டவர்களுக்கு எடை குறைவாகவே குறைந்தது.
* பல ஆண்டுகள் தொடர இயலாத முறையால் குறைந்த எடை பெரும்பாலும் மீண்டும் கூடிவிடுகிறது. ரமலான் நோன்பு பற்றிய தொகுப்பாய்வுகளில், ஒரு மாதத்தில் குறைந்த ஒரு கிலோவைச் சற்றே மிஞ்சும் எடையின் பெரும்பகுதி, நோன்பு முடிந்த சில வாரங்களில் திரும்பியது காணப்பட்டது. நோன்பின் நோக்கம் எடைக் குறைப்பன்று எனினும், பழைய உணவு முறைக்குத் திரும்பினால் எடையும் திரும்பும் என்பதற்கு இது சான்றாகும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல், வாரத்திற்கு ஏறத்தாழ அரைக் கிலோ எடை குறைவதைப் பாதுகாப்பானதாகக் கருதுகிறது. எடைக் குறைப்பு உணவு நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரிக்குக் குறையலாகாது என்றும் அது கூறுகிறது.

எச்சரிக்கைகள்

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளை உண்போரும் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் ஒரு வேளையைத் தவிர்க்கலாகாது. மருந்து உணவை எதிர்பார்த்து வேலை செய்வதால், உணவு இல்லாதபோது இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே தாழ்ந்துவிடக்கூடும். வியர்த்தல், கை நடுக்கம், படபடப்பு, மயக்கம், குழப்பம் ஆகியன இதன் அறிகுறிகளாகும். நெடுநேர உடலுழைப்பு சர்க்கரையை மேலும் தாழ்த்தும். மலைச்சரிவில் வேலை செய்பவருக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவருக்கும் இந்நிலை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நினைவோடு இருப்பவருக்கு உடனடியாக மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை நீரில் கலந்து கொடுக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேளைகளைக் குறைக்க விரும்பும் நீரிழிவு நோயாளிக்கு, மருந்தின் அளவையும் நேரத்தையும் முதலில் மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுவர்கள், வளரிளம் பருவத்தினர், உணவுண்ணல் சீர்குலைவு உடையோர் ஆகியோருக்கு வேளைகளைத் தவிர்க்கும் முறைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. மிக விரைவாக எடை குறைப்பது பித்தப்பைக் கற்கள் தோன்றவும், தசை இழப்பிற்கும் காரணமாகலாம்.

இவற்றையும் பார்க்க

* உடற்பருமன்
* உடல் நிறைச் சுட்டெண்
* நீரிழிவு நோய்
* வளர்சிதைமாற்றம்
* சத்துணவுத் திட்டம்
* போடிநாயக்கனூர்
* ஏலக்காய்